பிள்ளைப்பேறு முடிந்தது, பிள்ளை இல்லை

வாசகர் கேள்வி பதில்

குறைமாதத்தில் பிறந்து இறந்த குழந்தைகளைப் பற்றிப் பினாங்கு வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் இடம் தருகிறோம். பேறுகாலத் தாதியரும் துயர ஆலோசகரும் அடங்கிய குழு பதில் சொல்கிறது. எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

என் மருமகளுக்கு 25 வாரத்தில் பிரசவமாகி, குழந்தை இரண்டு நாள் இன்குபேட்டரில் இருந்து தவறிவிட்டது. வீட்டுக்கு வந்த மறுநாளே பால் கட்டிக்கொண்டு துடிக்கிறாள். "பிள்ளையே இல்லை, பத்தியம் எதற்கு?" என்கிறார் என் நாத்தனார். நான் என்ன செய்து கொடுப்பது? (ஆயர் ஈத்தாம்)

அம்மா, உங்கள் மருமகள் பிள்ளை பெற்றவள். குழந்தை தங்கவில்லை என்பதால் உடம்புக்கு அது பிரசவம் இல்லை என்று ஆகிவிடாது. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் ஒரு ஹார்மோனின் அளவு சட்டென்று குறையும். அதுதான் பால் சுரக்கக் கொடுக்கும் உத்தரவு. நான்கு மாதம் தாண்டிய கர்ப்பம் எதிலும் இது நடக்கலாம். இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் மார்பு கல்லாகிவிடும். வீட்டுக்கு அனுப்பும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும், பல நேரம் சொல்வதில்லை.

இறுக்கமில்லாமல் தாங்கிப் பிடிக்கும் பிராவை இரவு பகல் போடச் சொல்லுங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம் வையுங்கள்; குளிரவைத்த முட்டைக்கோஸ் இலையும் சுகம் தரும். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், அது பாலை இழுக்கும். தாங்க முடியாதபோது கையால் கொஞ்சம் பீய்ச்சலாம், கல் இளகும் வரை மட்டும். முழுக்க வடித்தால் 'இன்னும் வேண்டும்' என்று உடம்பு எடுத்துக்கொண்டு மறுபடி நிரப்பும். வலிக்கு 500 மில்லிகிராம் பாராசிட்டமால் இரண்டு மாத்திரை, ஆறு மணி நேர இடைவெளியில். ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகக் கூடாது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் வற்றிவிடும். பாலை நிறுத்தும் கேபர்கோலின் மாத்திரையும் உண்டு, ஆனால் ரத்த அழுத்தம் ஏறியிருந்தவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள். மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

மார்பில் மல்லிகைச் சரம் வைத்துக் கட்டும் பழைய வழக்கத்தைப் பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிட வேண்டியதில்லை. வேலூர் மருத்துவர்கள் அதைப் பால் நிறுத்தும் வேறொரு மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பால் குறைவதை 1988இல் ஆய்வாகவே வெளியிட்டார்கள். குவீன் ஸ்திரீட் பூக்கடையில் கிடைக்கும் புதுச்சரம் போதும். செய்யக் கூடாதவை இரண்டு: பிரசவத்துக்குப் பின் வயிற்றில் சுற்றும் பெங்குங் துணியை மார்பின் மேல் இறுக்கிக் கட்டுவது, பால் வற்றட்டும் என்று தண்ணீரைக் குறைப்பது. இறுக்கினால் பால் தேங்கிச் சீழ் கட்டும். ஒரு பக்கம் சிவந்து சூடாகி, காய்ச்சல் 38 டிகிரி தொட்டால் அன்றைக்கே கிளினிக்.

பத்தியம் கட்டாயம் வேண்டும். சூடான சோறு, மிளகு ரசம், மீன், முட்டை, கீரை எல்லாம் கொடுங்கள். பால் சுறாப் புட்டையும் பூண்டுக் குழம்பையும் மட்டும் இப்போது விட்டுவிடுங்கள். அவற்றால் எவ்வளவு பால் ஊறும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். எதற்காகச் சமைப்பது என்று தெரிந்தவளுக்கு அந்தத் தட்டைப் பார்க்கவே முடியாது. ரத்தப்போக்கு நான்கு முதல் ஆறு வாரம் இருக்கலாம். ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு நனைந்தாலோ, கெட்ட வாடை வந்தாலோ, தலைவலியோடு பார்வை மங்கினாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள்.

ஒன்று கேட்க விட்டுப்போகும். குழந்தைக்காகப் பீய்ச்சிய பால் வார்டு ஃபிரிட்ஜில் இருந்தால், அவளைக் கேட்காமல் யாரும் கொட்ட வேண்டாம்.

என் தங்கையின் குழந்தை 24 வாரத்தில் பிறந்தது. இனி முடியாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். "பார்க்காதே, தூக்காதே, பார்த்தால் மறக்க முடியாது" என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். (புக்கிட் மெர்த்தாஜாம்)

முடிவு பெரியவர்களுடையது இல்லை, உங்கள் தங்கையுடையதும் அவர் கணவருடையதும். இப்போது வேண்டாம் என்றால் இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை கேளுங்கள். மனம் மாறுவது வழக்கம், ஆனால் அடக்கம் முடிந்தபின் மாறிப் பயனில்லை. மறப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: பார்க்காத தாயும் மறப்பதில்லை. பார்க்காத முகத்தை அவள் கற்பனையில் வரைகிறாள், அது நிஜத்தைவிடக் கோரமாக இருக்கும்.

என்ன பார்க்கப் போகிறார் என்று முன்கூட்டிச் சொல்லுங்கள். 24 வாரக் குழந்தை 600, 700 கிராம்தான் இருக்கும், 30 சென்டிமீட்டர் அளவு நீளம். தோல் மெல்லிசாக, சிவந்து, ஈரமாக இருக்கும். கண் திறக்காமல் இருக்கலாம். விரல், நகம், காது எல்லாம் அமைந்திருக்கும். குழாய்களை எடுக்கும்போதே அம்மாவின் நெஞ்சில் போடச் சொல்லித் தாதியிடம் கேட்கலாம். கேட்டால் செய்வார்கள், கேட்காதவர்களிடம் நேரமில்லாமல் கடந்துபோய்விடுவதுதான் நடப்பு.

கடையில் விற்கும் பச்சைக் குழந்தைச் சட்டை எதுவும் பொருந்தாது. பழகிய மெல்லிய பருத்தி வேட்டியில் ஒரு முழம் கிழித்துக் கொண்டு போங்கள். காலடி எடுக்க ஸ்டாம்ப் பேடும் வழவழப்பான அட்டையும் வேண்டும். சொரசொரப்பான தாளில் நான்கு சென்டிமீட்டர் அளவுள்ள பாதத்தின் ரேகை விழாது. மை தொட்ட பாதத்தை அட்டையில் அழுத்தாதீர்கள், அட்டையைப் பாதத்திடம் கொண்டு போய் ஒற்றி எடுங்கள். தோல் உரிந்துவிடும் என்பதால் தாதியே செய்வது நல்லது. குளிப்பாட்டும் முன் செய்துவிடுங்கள். கைப்பட்டை, இன்குபேட்டரில் ஒட்டியிருந்த பெயரட்டை, தொப்பி எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். படம் எடுப்பதை அபசகுனம் என்று நினைத்தால் வீட்டில் வைக்க வேண்டாம். ஒருவர் எடுத்து ஃபோனில் பூட்டி வைத்திருங்கள், தங்கை என்றைக்காவது கேட்டால் இருக்கும்.

எங்கள் மகன் 24 வாரத்தில் பிறந்து மூன்று மணி நேரம் மூச்சு விட்டான். பதிவு செய்ய வேண்டுமா? அடக்கமா, தகனமா? என் மனைவி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. அங்குள்ள எச்ஆர் (மனிதவளப் பிரிவு) "14 நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்துக்கொள்" என்கிறது. (பட்டர்வொர்த்)

தம்பி, கடைசியிலிருந்து தொடங்குகிறோம், ஏனென்றால் அதில்தான் உங்களை ஏமாற்றுகிறார்கள். தெரியாமல் ஏமாற்றுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் பிரசவம் என்று சொல்வது, குறைந்தது 22 வாரம் ஆன பிறகு குழந்தை வெளிவருவதை, 'உயிரோடாயினும் இறந்தாயினும்'. ஆகவே உங்கள் மனைவிக்கு 98 நாள் மகப்பேறு விடுப்பு உண்டு; 2023 ஜனவரி 1 முதல் இதுதான் அளவு. சம்பளம் கிடைக்க, பிரசவத்துக்கு முந்திய ஒன்பது மாதத்தில் 90 நாளாவது அந்த முதலாளியிடம் வேலை செய்திருக்க வேண்டும். ஏற்கெனவே உயிரோடு ஐந்து பிள்ளைகள் இருந்தால் சம்பளம் கிடைக்காது. சீக்கிரம் வேலைக்குத் திரும்ப அவரே விரும்பினால், மருத்துவர் சான்றும் முதலாளி சம்மதமும் இருந்தால் முடியும். திரும்பி வா என்று அவர்கள் கட்டாயப்படுத்த முடியாது.

உங்களுக்கும் தொடர்ந்தாற்போல் 7 நாள் தந்தை விடுப்பு உண்டு, அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருந்தால். மருத்துவமனைக் கடிதத்தில் 'கருச்சிதைவு' என்று பொதுவாக எழுதாமல் எத்தனை வாரம் என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். எச்ஆர் தகராறு வருவது அந்த ஒரு வரியில்தான். அதற்கும் மசியாவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுங்கள். அரசு ஊழியர்களுக்குத் தனி விதி.

பதிவுக்கு வருவோம். மூச்சு விட்டான், இதயம் துடித்தது என்றால் எத்தனை வாரமானாலும் அது உயிர்ப்பிறப்பு. பிறப்பையும் இறப்பையும் இரண்டையும் பதிய வேண்டும். பெயர் வைத்தே பதியலாம். தேசியப் பதிவிலாகாவுக்கு மருத்துவமனையின் பிறப்பு உறுதித் தாள், இறப்புத் தாள், கர்ப்பகாலப் பரிசோதனைப் புத்தகம், இருவரின் மைகாட் (அடையாள அட்டை), திருமணச் சான்றிதழ் கொண்டு போங்கள். அலைவதற்கு வீட்டில் வேறொருவரைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள். இலாகா மூடியிருக்கும் நேரத்தில் அடக்க பெர்மிட்டைப் போலீஸ் நிலையத்தில் வாங்கலாம்.

உயிர் அடையாளமே இல்லாமல் பிறந்த குழந்தைக்குக் கணக்கு வேறு. 28 வாரம் தாண்டியிருந்தால்தான் 'இறந்து பிறந்த குழந்தை' என்று பதிவு. அதற்குக் கீழே பதிவே கிடையாது. அதனால் 22க்கும் 28க்கும் நடுவே நிற்கும் தாய்க்கு விடுப்பு உண்டு, சான்றிதழ் இல்லை. அந்தக் குடும்பங்கள் உடலை எடுத்துச் செல்லவும் மயானத்தில் காட்டவும் மருத்துவமனையிடம் எழுத்தில் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வாங்காமல் வந்துவிட்டுப் பிறகு தேடினால் கடினம்.

நம் வழக்கத்தில் பல் முளைக்காத பிள்ளையைப் புதைப்பதுதான், பதினாறாம் நாள் கருமாதியும் இல்லை. தகனம் செய்ய விரும்பினால் ஒன்றை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: இவ்வளவு சிறிய எலும்பு முழுக்க எரிந்துவிடும், கடலில் கரைக்கச் சாம்பல் கிடைக்காமலே போகலாம். பத்து லாஞ்சாங் இந்து மயானத்தில் குழந்தை அடக்கத்துக்கு என்ன வசதி, என்ன கட்டணம் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். அவசரம் வேண்டாம். உடலைப் பிணவறையில் குளிரில் வைத்திருக்கச் சொல்லலாம். உங்கள் மனைவி வெளிவரும்வரை காத்திருந்தால் அவரும் வரலாம். அப்பாவும் மாமாவும் மட்டும் போய் விடியுமுன் முடித்துவிட்டு, எங்கே புதைத்தார்கள் என்றே தாய்க்குத் தெரியாத வீடுகள் உண்டு. அந்த வழக்கத்தை விட்டுவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

ஐந்து வயது மகளிடம் "தம்பி பாப்பா தூங்குது" என்று சொல்லியிருக்கிறோம். தினமும் "எப்ப எழும்பும்?" என்கிறாள். (ஜெலுத்தோங்)

அவள் கேட்பது நியாயம்தானே. "பாப்பா செத்துப்போச்சு. உடம்பு ரொம்பச் சின்னது, மூச்சு விட முடியலை. இனிமே வராது. நீ ஒண்ணும் செய்யலை" என்று சொல்லுங்கள். தூங்குது என்றால் படுக்கப் பயப்படுவாள். சாமி கூட்டிட்டுப் போச்சு என்றால் கோயிலுக்கு வர மாட்டாள். இந்த வயதில் சாவு திரும்ப வராதது என்பது ஒரே தடவையில் பிடிபடாது, பத்துத் தடவை கேட்டாலும் அதே சொற்களில் சொல்லுங்கள். தாடிகா (பாலர் பள்ளி) ஆசிரியைக்கும் தெரியப்படுத்துங்கள்.

ஏழாவது மாதம் தொடங்குமுன் பனிக்குடம் உடைந்து பிரசவமாகி, மகள் நான்காம் நாள் இறந்தாள். தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறியதால்தான் என்கிறார் மாமியார். பப்பாளி சாப்பிட்டேன், இரவு ஷிஃப்ட் பார்த்தேன். மறுபடி கருத்தரித்தால் இப்படியே ஆகுமா? (சுங்கை டுவா)

தங்கை, 513 படியும் பனிக்குடத்தை உடைக்காது. பழுத்த பப்பாளியும் உடைக்காது. கீழிருந்து மேலே ஏறும் தொற்று, கருப்பை வாய் வலியில்லாமலே முன்கூட்டித் திறப்பது, நஞ்சுக்கொடி பிரிவது, ரத்த அழுத்தம், இரட்டைக் கரு: தெரிந்த காரணங்கள் இவை. தேடியும் காரணமே அகப்படாதவர்கள் நிறையப் பேர். இத்தனை முன்னதாகப் பிறக்கும் குழந்தைக்கு நுரையீரலை விரித்து வைக்கும் வழுவழுப்பான பொருள் ஊறியிருக்காது, மூளையின் ரத்தக் குழாய்கள் எளிதில் கசியும், குடலும் தொற்றைத் தாங்காது. பிறந்தபின் நான்கு நாள் நடந்தது இதுதான்.

ஆறாவது வாரப் பரிசோதனைக்குக் கணவரோடு போங்கள். போகுமுன் கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள், அந்த அறையில் எல்லாம் மறந்துவிடும். நஞ்சுக்கொடியைச் சோதனைக்கு அனுப்பினார்களா, முடிவு என்ன, தொற்று இருந்ததா, சர்க்கரை, ரத்தம் உறையும் கோளாறு பார்க்க வேண்டுமா? எல்லாவற்றுக்கும் நகல் வாங்குங்கள்.

மறுபடி நடக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல், மறைக்க மாட்டோம். ஆனால் அடுத்த தடவை உங்களுக்கென்று செய்யக்கூடியவை உண்டு. 16ஆம் வாரம் முதல் 24ஆம் வாரம் வரை கருப்பை வாயின் நீளத்தை உள்வழி ஸ்கேனில் அளப்பார்கள். 25 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால் தையல் போடலாம், அல்லது புரோஜெஸ்டிரோன் மாத்திரையை இரவில் பிறப்புறுப்புக்குள் வைக்கச் சொல்லலாம். முன்னமே வாய் பலவீனம் என்று தெரிந்தவர்களுக்கு 12 முதல் 14 வாரத்திலேயே தைத்து, 36, 37இல் பிரிப்பார்கள்.

"சீக்கிரம் இன்னொன்று பெற்றுக்கொள், மறந்துவிடும்" என்று வீட்டில் தொடங்கியிருப்பார்கள். குறைந்தது ஆறு மாதம் விடுங்கள், அறுவைப் பிரசவம் என்றால் இன்னும் அதிகம். பால் கொடுக்காததால் மூன்று நான்கு வாரத்திலேயே கருமுட்டை வெளிவரலாம், மாதவிலக்கு வருமுன்பே கருத்தரிக்கலாம். ஆகவே கருத்தடை பற்றிப் பேசுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அழுகை நிற்காதது நோயில்லை. இரண்டு வாரத்துக்கு மேலாக, படுக்க நேரம் கிடைத்தும் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், செத்துப்போனால் நல்லது என்று தோன்றினால் அது வேறு. சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555, காலை 8 முதல் நள்ளிரவு வரை. எந்த நேரத்திலும் கூப்பிட்டு மனம்விட்டுப் பேச பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929.

அடுத்த கர்ப்பத்தில் எட்டாவது வாரத்துக்குள் கிளினிக்கில் பதிந்துகொள்ளுங்கள். இது எத்தனையாவது என்று கேட்பார்கள். பலர் வெட்கத்தாலோ, மாமியார் பக்கத்தில் இருப்பதாலோ 'முதல்' என்று சொல்லிவிடுகிறார்கள். இரண்டாவது என்று சொல்லுங்கள், முந்திய பிரசவத்தின் தாள்களையும் காட்டுங்கள். உங்கள் பரிசோதனைப் புத்தகத்தில் ஆபத்தின் அளவைக் காட்டும் ஒட்டு என்ன நிறம், எந்த மருத்துவர் பார்ப்பது என்பதை அவர்கள் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.