மறுநாளே திரும்பிப் போன பாத்திரம்

அன்புள்ள ஐயா,

நானும் கணவரும் பெருநகரத்தில் பதினாறு வருடம் வாடகை வீடுகளில் இருந்துவிட்டு, எட்டு மாதம் முன்பு ஒரு கிராமத்துக்குக் குடிவந்தோம். இருவருக்குமே வீட்டிலிருந்தபடி கணினியில் செய்யும் வேலை. அமைதி வேண்டும் என்றுதான் வந்தோம். இங்கே விடிவதற்கு ரொம்ப முன்பே சேவல் கூவுகிறது. மழை பெய்த ராத்திரி தவளைச் சத்தத்தில் போன் பேச முடியவில்லை. வாசலில் இறங்கினால் எதிர்ப்படும் ஒவ்வொருவரும் 'எங்கே கிளம்பிட்டீங்க?' என்கிறார்கள். நாங்கள் என்ன வாங்கினோம், யார் வந்து போனார்கள், எல்லாம் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

நாங்கள் மரியாதையாகத்தான் இருக்கிறோம். யாரிடமும் எதற்கும் போய் நிற்பதில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் பாத்திரம் நிறையத் தன் தோட்டத்துக் காய் கொடுத்தார். மறுநாளே அதே பாத்திரத்தில் அதற்குச் சமமாகப் பழம் வாங்கி வைத்துக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் அவர் இப்போது முன்போல வருவதில்லை. எல்லோரும் பார்க்கிறார்கள், யாரும் பழகவில்லை. நகரத்தில்கூட இவ்வளவு தனிமை இருந்ததில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று கணவர் கேட்கிறார். நீங்களும் இப்படி இடம்பெயர்ந்தவர் என்பதால் எழுதுகிறேன்.

எம்.

அன்புள்ள எம்.,

சேவலை முதலில் முடித்துவிடுகிறேன், அதுதான் சுலபம். வெளிச்சத்தைப் பார்த்துத்தான் சேவல் கூவுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேவல்களை நாள் முழுக்க ஒரே மங்கல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து 2013-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விடியலே இல்லாத அந்த அறையிலும் அவை ஏறக்குறைய நாளுக்கொரு முறை, தம் உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தின் கணக்கில், கூவிக்கொண்டிருந்தன. 2015-ல் அவர்களே இன்னொன்றும் சொன்னார்கள்: கூட்டத்தில் எந்தச் சேவலின் அதிகாரம் செல்லுமோ அதுதான் முதலில் கூவும், மற்றவை தத்தம் வரிசைக்காகக் காத்திருக்கும். இதைப் படித்த பிறகு எங்கள் ஊர்க்கூட்டத்தில் யார் முதலில் தொண்டையைச் செருமுகிறார் என்று கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

பிரான்சில் ஓலெரோன் தீவில் மொரிஸ் என்று ஒரு சேவல். பக்கத்தில் விடுமுறை வீடு வைத்திருந்தவர்கள் அதன் கூவல் பொறுக்காமல் வழக்குப் போட்டார்கள். 2019-ல் நீதிமன்றம் சேவலின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அப்புறம் 2021 ஜனவரியில், கிராமத்தின் சத்தங்களும் வாசனைகளும் அந்த நிலத்தின் மரபுச் சொத்து என்று அந்நாட்டில் சட்டமே வந்துவிட்டது. அதைக் கேட்க மொரிஸ்தான் உயிரோடு இல்லை. ஆக, வழக்குப் போட்டுப் பயனில்லை. எனக்குக் காது பழக நாலு மாதம் ஆனது. தவளைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல்.

'எங்கே கிளம்பிட்டீங்க?' என்பதற்கு வருவோம். அது கேள்வியே இல்லை. மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த மாதிரிப் பேச்சைத் தனியாகப் பிரித்துக் காட்டுகிறார். செய்தி சொல்வதற்காக அல்லாமல், இரண்டு பேர் எதிரெதிரே வந்து பேசாமல் நிற்கும் சங்கடத்தைக் கலைப்பதற்காக மட்டும் பேசும் பேச்சு. அவர் தரும் உதாரணங்களில் ஒன்று, மெலனேசியத் தீவுகளில் முகமன் சொல்லும் விதம்: 'எங்கேயிருந்து வருகிறாய்?' நீங்கள் அதைக் கேள்வி என்று எடுத்துக்கொண்டு, ஒன்று முழு விவரமும் சொல்கிறீர்கள், இல்லையென்றால் முகம் சுளிக்கிறீர்கள். 'இதோ, இப்படித்தான்' என்று கையை எந்தப் பக்கமாவது காட்டினால் போதும். கேட்டவருக்கு முழுத் திருப்தி. நானும் ஆரம்பத்தில் நின்று நிதானமாகப் போகும் இடம், காரணம், திரும்பும் நேரம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியிலேயே அவர்கள் நடந்துவிடுவார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தப் பாத்திரம். மறுநாளே, சமமாக, பழம். நகரத்தில் இதைவிடப் பண்பான காரியம் கிடையாது. யாருக்கும் பாக்கி வைக்காமல் வாழ்வதுதான் அங்கே கௌரவம். கிராமத்தில் அதே காரியம், கணக்குத் தீர்ந்தது, இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று சொல்வதாகப் போய்விடுகிறது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. லாரா பொஹானன் என்ற மானுடவியலாளர் இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் நைஜீரியாவின் திவ் மக்கள் நடுவே போய்த் தங்கினார். போய் இறங்கியதுமே அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வந்து கோழி, தக்காளி, ஒரு கைப்பிடி நிலக்கடலை என்று எதையாவது கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, யார் யார் என்னென்ன கொடுத்தார்கள் என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். பிறகு இரண்டு பெண்கள் அவருக்கு உட்காரவைத்துப் பாடம் எடுத்தார்கள். மூன்று முட்டை வந்தால் பதிலுக்கு ஏதாவது போயாக வேண்டும், சும்மா இருக்கக் கூடாது. ஆனால் உடனே போகக் கூடாது, கொஞ்ச நாள் போகட்டும். முக்கியமாக, சரிசமமாகப் போகக் கூடாது. கொஞ்சம் கூட இருக்கலாம், குறைய இருக்கலாம். சரியாகக் கொடுத்தால் உறவு வேண்டாம் என்று அர்த்தம். அந்தப் பெண்கள் ஒரு பிடி வெண்டைக்காயைத் திருப்பிக் கொடுக்க மைல் கணக்கில் நடந்து போவார்களாம். அந்தச் சிறு கடன் இருக்கும் வரைதான் இவள் அவள் வீட்டுக்குப் போகவும் அவள் இவள் வீட்டுக்கு வரவும் ஒரு சாக்கு இருக்கிறது.

பக்கத்து வீட்டு அக்கா உங்கள் வீட்டுக்கு வர ஒரு சாக்கைத்தான் அந்தப் பாத்திரத்தில் வைத்துக் கொடுத்தார். 'பாத்திரம் இருக்கா?' என்று ஒரு வாரம் கழித்து வந்திருப்பார். நீங்கள் அதையும் கழுவிக் கொடுத்துவிட்டீர்கள்.

நான் செய்தது இதைவிட மோசம். நாங்கள் வாங்கிய வீட்டின் பின்பக்கம், எங்கள் இடத்தின் ஒரு மூலையை அறுத்துக்கொண்டு ஓர் ஒற்றையடிப் பாதை போனது. ஒரு முழ அகலம்கூட இருக்காது. புல் முளைக்காமல் வெளுத்து, சோப்புத் தேய்ந்தது போல நடுவில் லேசாகக் குழிந்திருக்கும். காலை ஆறு மணிக்கு ஆடுகள், அப்புறம் தலையில் சுமையோடு பெண்கள், சாயங்காலம் அதே வரிசை திரும்பும். நான் நகரத்துக்காரன், பத்திரத்தில் உள்ள நாலு எல்லைதான் எனக்கு நிலம். ஆள் வைத்துக் கம்பிவேலி போட்டேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சண்டைக்கு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேலியைச் சுற்றிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். ஆடுகள் மட்டும் பழைய இடத்தில் வந்து நின்று வேலியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பும்.

ஒரு பாதையில் இருபது ஆண்டு தடையில்லாமல் நடந்துவந்தால் அது வழியுரிமையாகலாம் என்று 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்திலும் இடமிருக்கிறது, இங்கிலாந்தின் 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்திலும் இருக்கிறது. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், இரண்டு மாதம் என்னிடம் யாரும் எங்கே கிளம்பிட்டீங்க என்று கேட்கவில்லை என்பதுதான். அந்த இரண்டு மாதத்தில் அந்தக் கேள்விக்காக ஏங்கிப்போனேன். பிறகு ஒரு நாள் நானே கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு போய் வேலியில் ஓர் ஆள் நுழையும் அகலத்துக்கு வெட்டினேன். கம்பியை வளைக்கத் தெரியாமல் கையைக் கிழித்துக்கொண்டேன். வழியோடு வந்த ஒரு பெரியவர் சிரித்தபடி பிளேயரை வாங்கி, இரண்டு நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார். வேலியைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை. 'ரத்தம் வருது, போய்க் கழுவுங்க தம்பி' என்றார். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது.

பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்கிறீர்கள். ஆமாம், பார்ப்பார்கள். அதற்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. ஒரு முறை காய்ச்சலில் காலை ஒன்பது மணி வரை நான் ஜன்னல் திறக்கவில்லை. மூன்று வீடுகளிலிருந்து ஆள் வந்துவிட்டது. அதே கண்கள்தான் யார் வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்றும் எண்ணுகின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. பெண்கள் மேல் அந்தக் கண் இரண்டு மடங்கு விழும் என்பதும் உண்மை. பிறப்பை விசாரித்து ஒருவரை எங்கே உட்காரவைப்பது என்று முடிவு செய்யும் ஊர்களும் இருக்கின்றன. அங்கே அது பழக்கவழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் ஊர் அப்படிப்பட்டது என்றால் கணவர் சொல்வதுதான் சரி, கிளம்பிவிடுங்கள். கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

எட்டு மாதம் என்பது ஒரு வருடம்கூட ஆகவில்லை. எல்லாப் பருவத்தையும் ஒரு சுற்றாவது அந்த ஊரில் பாருங்கள், முடிவை அதற்குப் பிறகு எடுங்கள். அதுவரை ஒரு காரியம் செய்யலாம். வீட்டுக்கு வேண்டிய சாமான் எல்லாவற்றையும் நீங்களே வாங்கி அடுக்கிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். நகரத்திலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். மண்வெட்டி, ஏணி, நீளக் கயிறு, எல்லாம் புதுசு. இனி ஏதாவது தேவைப்பட்டால் ஆன்லைனில் தேடாமல் அந்த அக்காவிடம் போய்க் கேளுங்கள். கேட்க வெட்கமாக இருக்கும், எனக்கும் இருந்தது. வாங்கிவந்ததை மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள்.

பக்கத்து வீட்டு மண்வெட்டி நாலு மாதமாக என் வீட்டுக் கதவோரம் சாய்ந்திருக்கிறது. என் ஏணி இப்போது எந்த வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. விசாரித்தால் தெரிந்துவிடும், ஊருக்கே தெரியும்.