தாத்தா பிறந்தபோது அந்த ஊர் எந்த மாவட்டம்?

இணையத்தில் குடும்ப மரம் போடுகிறவர்கள் ஊர்ப் பெயர் பற்றிக் கேட்டவையும் என் பதில்களும்.

கே: தாத்தா 1932இல் தென்காசியில் பிறந்தவர். ‘தென்காசி மாவட்டம்’ என்று போடலாமா?

வேண்டாம். அந்த மாவட்டம் வந்ததே 2019இல்தான். 1932இல் அது திருநெல்வேலி மாவட்டம், சென்னை மாகாணம். அப்படியே பதிந்துவிட்டு, இன்றைய மாவட்டத்தைக் குறிப்பில் எழுதுங்கள். பழைய பத்திரம் தேடுகிறவர் பழைய மாவட்டத்தின் ஆவணக் கட்டைத்தான் புரட்ட வேண்டியிருக்கும். பாட்டி, பக்கத்து ஊரான செங்கோட்டைக்காரர் என்றால் கதையே வேறு. 1956 நவம்பர் 1 வரை அந்த ஊர் திருவிதாங்கூரோடு (1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சியோடு) இருந்தது.

கே: டர்பனிலிருந்து எழுதுகிறேன். கொள்ளுத்தாத்தா இங்கே தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். கப்பல் பட்டியலில் ‘சேலம்’ என்று இருக்கிறது. இணையதளமோ அவரை அமெரிக்காவில் பிறந்தவராகக் காட்டுகிறது!

சிரிக்காமல் இருக்க முடியவில்லை, மன்னியுங்கள். மாசச்சூசெட்ஸிலும் ஒரு சேலம் உண்டு, ஓரிகனிலும் ஒன்று உண்டு. ஓரிகனில் மெட்ராஸ்கூட இருக்கிறது. நாம் நாலு எழுத்து தட்டியதும் தளம் ஒரு பட்டியலை நீட்டும்; அசதியில் முதலாவதைத் தொட்டுவிடுவோம். நானே ஒருமுறை மதுரையை ஆங்கிலத்தில் பழைய முறைப்படி ‘மதுரா’ என்று அடித்து, ஒரு முழுக் குடும்பத்தை இந்தோனேசியத் தீவுக்குக் குடியேற்றியிருக்கிறேன்.

1860 முதல் 1911 வரை போன அந்தக் கப்பல்களின் பட்டியல்களில் மாவட்டம், ஊர் எல்லாம் தனித்தனியே இருக்கும். ஆனால் எழுதியவர் காதில் விழுந்த ஊர்தான் அது. அந்த எழுத்துக்கூட்டலைத் திருத்தாமல் அப்படியே படியெடுங்கள். ‘இது இன்ன ஊராக இருக்கலாம்’ என்ற உங்கள் ஊகத்தைக் கீழே தனியாக வையுங்கள். ஊகம் சரியாகவே இருக்கட்டும், அது ஊகம் என்று அடுத்து பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும்.

கே: திருத்தணியில் ஒரே வீட்டில் மூன்று தலைமுறை. ஆளுக்கொரு மாவட்டம் வருகிறதே, பிழையா?

பிழையே இல்லை. 1905இல் பிறந்தவர் வட ஆற்காடு. 1911க்குப் பிறகு பிறந்தவர் சித்தூர். 1953இல் அது ஆந்திர மாநிலமாகிறது. 1960இல் மறுபடி சென்னை மாநிலம், செங்கல்பட்டு மாவட்டம். வீடு நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது. எல்லாவற்றையும் இன்றைய மாவட்டமான ‘திருவள்ளூர்’ என்று ஒரே மாதிரி ஆக்கிவிடாதீர்கள்.

கே: யாழ்ப்பாணத்துப் பூட்டியின் ஞானஸ்நானப் பதிவில் நெல்லூர் என்று இருக்கிறது. ஆந்திராவிலிருந்து வந்தவரா?

அவசரப்படாதீர்கள். மிஷனரிமார் யாழ்ப்பாணத்து நல்லூரையும் ஆங்கிலத்தில் அப்படித்தான் எழுதினார்கள். அதே பதிவில் ‘பட்டிக்கோட்டா’ என்று கண்டால் அது வட்டுக்கோட்டை. பக்கத்தில் உள்ள மற்றப் பதிவுகளின் ஊர்களைப் பாருங்கள், விடை அங்கேயே கிடைக்கும்.

கே: 1950இல் பிறந்தவருக்குச் ‘சென்னை’ என்று போட்டால் தவறா?

தமிழில் எழுதினால் தவறில்லை, நாம் அப்போதும் சென்னை என்றுதான் சொன்னோம். ஆங்கிலத்தில் பதிந்தால் மெட்ராஸ். அங்கே பெயர் மாறியது 1996இல்.