அருள் இல்லத்தில் தம்பி

கேள்வி: குடியை நிறுத்தத் தம்பியை ஒரு மத அமைப்பின் இல்லத்தில் சேர்த்து மூன்று நாளாகிறது. ‘மாத்திரை வேண்டாம், பிரார்த்தனை போதும்’ என்கிறார்கள். போனில்கூடப் பேச விடவில்லை. பயமாக இருக்கிறது. (ஒரு வாசகி, தேனி)

பதில்: பிரார்த்தனையோடு எனக்குச் சண்டை இல்லை, சகோதரி. என் சித்தப்பா முருகனுக்கு மாலை போட்டுத்தான் 48 நாள் குடிக்காமல் இருந்தார். (மாலையைக் கழற்றிய ராத்திரியைப் பற்றிக் கேட்காதீர்கள்.) ஆனால் தினமும் குடித்தவர் சட்டென நிறுத்தினால் முதல் சில நாட்களில் நடுக்கம், வலிப்பு, உளறல் வரலாம், உயிரே போகலாம். அதற்கு டாக்டரும் மாத்திரையும் வேண்டும். வேண்டுதலை நம்பி நோயாளிகளைக் கொண்டுவிடும் ஏர்வாடி தர்கா அருகே, ஒரு காப்பகத்தில் 2001இல் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். 2017 மனநலச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் மனநலப் பாதிப்பையும் மனநோயில் சேர்த்துக்கொண்டது. அந்தச் சட்டப்படி சங்கிலி கூடாது, மையத்துக்குப் பதிவு வேண்டும், வீட்டாரோடு பேசுவது நோயாளியின் உரிமை. நாளைக்கே போய்ப் பதிவுச் சான்றைக் கேளுங்கள். மழுப்பினால் தம்பியைக் கையோடு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். ஆலோசனைக்கு 14446, இலவசம்.