பருமனுக்கும் மனச்சோர்வுக்கும் குடலில் ஒரு முடிச்சா?

பருமனும் மனச்சோர்வும் அடிக்கடி சேர்ந்தே வருவதில் குடல் பாக்டீரியாவுக்குப் பங்கு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். எலிகளைப் பொறுத்தவரை உண்டு.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஜோஸ்லின் நீரிழிவு மையத்தில் ரொனால்ட் கான் குழுவினர் செய்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. கொழுப்பு மிகுந்த தீனி தின்று பருத்த எலிகளை, பாதி இருட்டும் பாதி வெளிச்சமுமான பெட்டியில் விட்டார்கள். அவை வெளிச்சத்துக்கு வரத் தயங்கி இருட்டுப் பக்கமே ஒண்டிக்கிடந்தன. தீனியை மாற்றாமல், குடிநீரில் ஆன்டிபயாடிக் கலந்து கொடுத்தால் அந்தப் பயம் குறைந்தது. மூளையில் அழற்சி தணிந்தது, இன்சுலினும் அங்கே சரியாக வேலை செய்தது.

சரி, இது மருந்தின் வேலையா, பாக்டீரியாவின் வேலையா? அடுத்த சோதனைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குப் பருத்த எலிகளின் குடல் பாக்டீரியாவை ஏற்றினார்கள். பதற்றமும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. ஆன்டிபயாடிக் குடித்த எலிகளிடமிருந்து எடுத்து ஏற்றியபோது அப்படி ஆகவில்லை.

மனிதர்களில் இவ்வளவு நேரடியான சான்று இன்னும் இல்லை. அப்புறம், தயவுசெய்து இதை நம்பி மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்காதீர்கள். நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து அழியும். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர் என்றால், மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தவும் வேண்டாம்.