பி2138 கோடு: பெடலை மாற்றும் முன் கனெக்டரைப் பாருங்கள்

ஸ்கேனரில் பி2138 என்ற பிழைக் கோடு வருகிறது, ஆக்ஸிலரேட்டர் பெடலை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். புது பெடல் இப்போது வாங்காதீர்கள். பி2138 என்பது பெடலில் உள்ள இரண்டு சென்சார்களின் அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று மட்டுமே சொல்கிறது; பெடல் கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. மேட்டில் ஏறும்போது வண்டி இழுக்காமல் போவது, சாவியை அணைத்துப் போட்டால் சரியாவது, மழை நாளில் அதிகமாக வருவது என்று நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், எனக்குப் பெடலில் வயர் வந்து சேரும் கனெக்டர் மீதுதான் சந்தேகம். கால் மிதியில் தேங்கும் ஈரம் அங்கே ஏறி, உள்ளே உள்ள உலோகப் பின்களில் பச்சை நிற அரிப்பு படியும்.

சாவியை ஆன் செய்யுங்கள், இன்ஜின் வேண்டாம். ஸ்கேனரில் எண்களை உடனுக்குடன் காட்டும் லைவ் டேட்டாவில் இரண்டு சென்சார் வோல்டேஜையும் வைத்துக்கொண்டு, பெடலை மிக மெதுவாகக் கடைசி வரை அழுத்துங்கள். பல வண்டிகளில் ஒன்று மற்றதைப்போல் இரு மடங்கு இருக்கும்: 0.8 என்றால் 0.4, 3 என்றால் 1.5. நடுவில் ஓரிடத்தில் மட்டும் எண் குதித்தால் பெடல்தான். பெடலைத் தொடாமல் வயரை ஆட்டும்போது குதித்தால் கனெக்டர் அல்லது வயர். அப்புறம் 5 வோல்ட் சப்ளையும் எர்த்தும் ஒழுங்காக வருகிறதா என்று மீட்டரில் பாருங்கள்.

சில மாடல்களில் ஒரு சென்சார் ஏறும்போது மற்றது இறங்கும். அதனால் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் அளவைப் பார்த்துவிட்டே முடிவெடுங்கள். அதுவரை நெடுஞ்சாலையில் ஓவர்டேக் செய்ய வேண்டாம், பாதியில் பவர் போனால் ஆபத்து.