திருகோணமலையிலிருந்து ஒரே நாளில் மலையாறு பார்க்க

தம்பி, மோட்டார் சைக்கிளில் உள்வீதிகளைச் சுற்றி ஒரு மலையாறும் பார்த்துவிட்டு அன்றைக்கே திருகோணமலைக்குத் திரும்ப வேண்டும் என்றால் நுவரெலியாவை விடுங்கள், போய் வரவே நாள் போதாது. மலைநாட்டில் பிறக்கிற மகாவலி 335 கிலோமீட்டர் ஓடி நம்மட கொட்டியாரக்குடாவில்தானே கடலில் விழுகிறது. விடியவே வெளிக்கிட்டு, கிண்ணியாப் பாலம் தாண்டி, மகாவலிக்கு மேலால் போகிற கங்கைப் பாலத்தில் ஆறுதலாக நின்று பாருங்கள், பிறகு மூதூர், கிளிவெட்டி என்று வெருகல் வரை போகலாம். அங்கே முருகன் கோயிலடியில் ஓடுவதும் மகாவலியின் கிளைதான். முதலை உள்ள ஆறு, குளிக்க மட்டும் இறங்க வேண்டாம். திரும்பும்போது சேருநுவரவில் அல்லை–கந்தளாய் வீதியைப் பிடியுங்கள், வயலும் காடுமாக, நீங்கள் கேட்ட மாதிரி வீதி அதுதான். யானை நடமாடுகிற பக்கம், பொழுதுபட முன் கந்தளாய்க்கு வந்துவிடுங்கள். மார்கழி என்றால் வெள்ளம் விசாரித்துவிட்டு வெளிக்கிடுங்கள்.