ஆல்டோஸ்டிரோன், ரெனின் பரிசோதனை: மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: வயது 44. டெல்மிசார்டன், அம்லோடிபின், மெட்டோப்ரோலால் மூன்றும் சாப்பிட்டும் இரத்த அழுத்தம் 160/100க்குக் கீழே இறங்கவில்லை. பொட்டாசியம் 3.1. ஆல்டோஸ்டிரோன், ரெனின் பார்க்கச் சொல்கிறார் டாக்டர். வெறும் வயிற்றில் போக வேண்டுமா? மாத்திரைகளை நிறுத்த வேண்டுமா?

பதில்: அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்து இரத்த அழுத்தத்தை ஏற்றும் நோய் (பிரைமரி ஆல்டோஸ்டிரோனிசம்) இருக்கிறதா என்று பார்க்கவே இந்தச் சோதனை. அந்த நோயில் ஆல்டோஸ்டிரோன் ஏறியும், வழக்கமாக அதைத் தூண்டும் ரெனின் இறங்கியும் இருக்கும். வெறும் வயிறு தேவையில்லை. காலையில் படுக்கையை விட்டு எழுந்து குறைந்தது 2 மணி நேரம் நடமாடுங்கள். பிறகு 5 முதல் 15 நிமிடம் உட்கார்ந்துவிட்டு இரத்தம் கொடுங்கள்.

அதற்கு முன் பொட்டாசியத்தைச் சரிசெய்தாக வேண்டும். அது குறைந்தால் அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டிரோனைக் குறைத்துச் சுரக்கும்; நோய் இருந்தும் ரிப்போர்ட் சுத்தமாக வரலாம். டாக்டர் சொல்லும் அளவில் மருந்து எடுத்து 4ஐ ஒட்டிக் கொண்டுவந்த பிறகே போங்கள். இரத்தம் எடுக்கையில் கையை இறுக்கி மூடித் திறக்க வேண்டாம், பொட்டாசியம் பொய்யாக ஏறும். சோதனை முடியும்வரை வழக்கமான உப்பைத் திடீரென்று குறைக்கவும் வேண்டாம். குறைத்தால் ரெனின் ஏறிவிடும்.

மாத்திரை விஷயம்தான் சிக்கல். மெட்டோப்ரோலால் ரெனினை இறக்கும், இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும். டெல்மிசார்டன் ரெனினை ஏற்றி, இருக்கும் நோயை மறைக்கும். அம்லோடிபினும் ஓரளவு அந்தப் பக்கம்தான். ஆனாலும் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்; மெட்டோப்ரோலாலைச் சட்டென்று விட்டால் இதயத்துக்கே ஆபத்து. முதல் சோதனையை மாத்திரைகளோடே செய்துவிட்டு, குழப்பம் வந்தால் மட்டும், இந்த அளவுகளை அதிகம் பாதிக்காத வெராபமில், டாக்சசோசின் போன்றவற்றுக்கு மாற்றி மறுபடி பார்ப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். டெல்மிசார்டன் சாப்பிட்டும் ரெனின் அடிமட்டத்தில் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஆல்டோஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுபவர்கள் கதை வேறு: பொதுவாக 4 வாரம் இடைவெளி தேவைப்படும், அதுவும் டாக்டர் சொன்னால் மட்டும்.

ஆய்வகத்திலும் ஒரு தவறு நடக்கும். நல்லெண்ணத்தில் ரெனின் குழாயை ஐஸில் வைத்துவிடுவார்கள். குளிரில் செயலற்ற புரோரெனின் செயல்படும் ரெனினாக மாறி அளவு கூடிவிடும். ஈடிடிஏ (இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) உள்ள குழாயில் எடுத்து, பிளாஸ்மாவைப் பிரிக்கும்வரை அறை வெப்பத்திலேயே வைக்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் விகிதத்தை (ஆல்டோஸ்டிரோனை ரெனினால் வகுத்த எண்) மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். ஆல்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 5 நானோகிராம், ரெனின் செயல்பாடு 0.1 என்றால் விகிதம் 50. பெரிய எண்தான், ஆனால் வகுக்கும் எண் சிறியது என்பதால் வந்த வீக்கம் அது. விகிதம் 30ஐத் தாண்டி, ஆல்டோஸ்டிரோனும் 10க்கு மேல் இருந்தால்தான் கணக்கில் எடுப்போம். ரெனினைச் செயல்பாடாக அல்லாமல் நேரடியாக அளக்கும் ஆய்வகத்துக்கு இந்த 30 பொருந்தாது. அலகையும் அவர்களின் வரம்பையும் கேட்டு வாங்குங்கள்.

விகிதம் உயர்ந்திருந்தால் பெரும்பாலும் 4 மணி நேரத்தில் 2 லிட்டர் சலைன் ஏற்றி ஆல்டோஸ்டிரோன் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். உங்களைப் போல் தானாகவே பொட்டாசியம் குறைந்தவருக்கு, ரெனின் அளக்க முடியாத அளவுக்கு இறங்கி, ஆல்டோஸ்டிரோன் 20ஐத் தாண்டினால் அந்தச் சலைன் சோதனைகூடத் தேவைப்படாது.